பிள்ளைகளுக்கு நோயே வராத மூன்று மாதம்

என் வீட்டுக்காரருக்கு எண்கள் என்றால் உயிர். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பதிவேட்டுப் பிரிவில் வேலை. அவசரப் பிரிவுக்கு ஒரு நாளில் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேர் மூக்குக்குள் பட்டாணி போட்டுக்கொண்டார்கள் என்று எண்ணி, கட்டம் போட்டு, மேலிடத்துக்கு அனுப்புவார். அங்கே அவருக்குப் 'புள்ளி' என்று பட்டப்பெயர். புள்ளிவிவரத்தைச் சுருக்கினார்களா, ஆளையே சுருக்கினார்களா தெரியாது.

சாதாரண நாட்களில் தினம் இருநூறு பிள்ளைகளாவது வருவார்கள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே புலம்ப ஆரம்பித்துவிடுவார்.

"இன்னைக்கு ஒரு அம்மா, பிள்ளைக்குக் கொட்டாவி நிக்கலன்னு தூக்கிட்டு வந்திருக்கு. கொட்டாவிக்கு எமர்ஜென்சி. நாளைக்குப் பிள்ளை கணக்குல வீக்குன்னு வருவாங்க, பாரு."

பிறகு அந்தப் பெருந்தொற்று வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கடைகள் பாதி ஷட்டரைத் தூக்கி மூச்சு வாங்கின. எங்கள் தெருமுனையில் தடுப்பு வைத்து, ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். பள்ளிச் சீருடைக்கு ஆள் இல்லாமல் போகவே முகக்கவசம் தைக்க ஆரம்பித்தேன். ஊரில் பாதி மூக்கை மூடியது நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ளலாம்.

எங்களுக்கு ஒரே பெண். எட்டு வயது. கண் விழித்ததிலிருந்து கண் மூடும்வரை வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவள் பெயர் ரேடியோ. பள்ளியில் நாற்பது பேருக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்த பேச்சு மொத்தமும் இப்போது எங்கள் இரண்டு பேருக்கு என்றானது.

ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைய ஆரம்பித்தது. இருநூறு நூறானது, நூறு நாற்பதானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமே பதினேழு. அவசரப் பிரிவின் பாதியைப் பலகை வைத்துத் தடுத்து, பெரியவர்களுக்கான தொற்று வார்டாக மாற்றிவிட்டார்கள். பதினேழு வந்த அன்று இவர் முகத்தில் வகுப்பில் முதலிடம் வந்த பிள்ளையின் களை.

"பாரு, கண்டதைத் தின்னாம, தூசியில சுத்தாம வீட்டுல இருந்தா பிள்ளைங்களுக்கு நோயே வராது. நம்பர் சொல்லுது."

"கை கால் உடையறதுமா?" என்றேன்.

"வெளிய போய் விளையாடினாத்தானே உடையும்."

"குடல்வால்?"

பதிவேட்டை மனசுக்குள் புரட்டினார். "அதுவும் குறைஞ்சிருக்கு."

ஊரடங்கு உத்தரவின் நகல் ஒன்று குடல்வாலுக்கும் போயிருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். "நோய் குறைஞ்சிருக்கா, இல்ல வர்றவங்க குறைஞ்சிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே," என்றார்.

நானும் அதோடு விட்டுவிட்டேன். கேள்வி கேட்டதிலேயே எனக்குத் திருப்தி வந்துவிட்டது. பதில் யாருக்கு வேண்டும்.

ரேடியோவுக்கு முதலில் வந்தது தாகம். டிவியில் மணிக்கு ஒரு தடவை தண்ணீர் குடியுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளும் குடித்தாள். ஒரு பாட்டில் இரண்டானது, இரண்டு நாலானது, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஜக்கும் வந்து உட்கார்ந்தது. "இந்த வீட்டுல சொன்ன பேச்சைக் கேக்கற ஒரே ஆள் இவதான்," என்று அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

குடித்த தண்ணீர் போய்த்தானே ஆகவேண்டும். ஆன்லைன் வகுப்பு டீச்சர் எனக்குக் குரல் செய்தி அனுப்பினார்: "உங்க பொண்ணு ஒரு கிளாஸுக்கு அஞ்சு தடவை எழுந்து பாத்ரூம் போறா. கணக்கு கிளாஸ்னா ஆறு." நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் காவல் உட்கார்ந்தேன். அப்படியும் ஆறு தடவை போனாள். சரி, கணக்குக்குப் பயப்படுகிறாள், அப்பாவின் மூளை வரவில்லை என்று முடிவு செய்தேன். பிறகு ஒருநாள் படுக்கையை நனைத்தாள். எட்டு வயதில். பள்ளி இல்லை, தோழிகள் இல்லை, பிள்ளை மனசு வாடியிருக்கிறது என்று நோயையும் நானே கண்டுபிடித்து, மருந்தையும் நானே கொடுத்தேன்: இரண்டு நாள் திட்டு, ஒரு நாள் கொஞ்சல், மாற்றி மாற்றி.

சாப்பாட்டில் குறை இல்லை. தட்டை வழித்துவிட்டு மறுபடி நீட்டுவாள். ஆனால் ஸ்கர்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. எனக்கென்ன, தொழிலே அதுதானே. இரண்டு விரல் பிடித்துத் தைத்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடி நழுவியது. மறுபடி இரண்டு விரல். "உயரமாகறா, அதான் உடம்பு பிடிக்கல," என்று அவரிடம் சொன்னேன். பெற்ற பெண் கரைவதைக் கழுத்தில் டேப் தொங்கவிட்டுக்கொண்டு அளந்து அளந்து, தையல் வெளியே தெரியாமல் சரிசெய்த கைகாரி நான்.

தெருக்கோடி கிளினிக்கில், 'போனில் மட்டும்' என்று கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. போன் செய்தேன். படுக்கை நனைக்கிறாள், மெலிகிறாள் என்றதும், "பூச்சி இருக்கும்மா. மருந்துப் பேர் அனுப்பறேன்," என்றார் டாக்டர். அழைப்பு நாற்பது நொடிதான். ரேடியோ மருந்தைக் குடித்தாள். அதற்கும் சேர்த்து ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தாள்.

"ஏங்க," என்றேன் ஒருநாள், "ஒரு தடவை உங்க ஆஸ்பத்திரியிலயே காட்டிட்டு வந்துடலாமா?"

அவர் மாடிப்படியிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் முக்கிவிட்டு, சாவிக்கொத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் நடக்கும் சடங்கு இது.

"எங்க ஆஸ்பத்திரியிலயா? இப்பவா? நோய் எங்க இருக்குன்னு நினைக்கற, தெருவுலயா? அங்கதான் இருக்கு. பலகைக்கு அந்தப் பக்கம் முழுக்க அதுதான். கதவுப் பிடி, நாற்காலி, லிஃப்ட் பட்டன், எல்லாத்துலயும்."

"நீங்க தினமும் போயிட்டுதானே வர்றீங்க?"

"நான் ஜாக்கிரதையா இருக்கேன்."

"அவளையும் ஜாக்கிரதையா கூட்டிட்டுப் போங்க."

"பூச்சி மருந்து கொடுத்திருக்கில்ல, பத்து நாள் பொறு. நம்பர் குறையற நேரத்துல நாமளே போய் ஒண்ணு ஏத்தி விடணுமா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பொய் சொல்லவில்லை, நானும்தான் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கும் அந்த லிஃப்ட் பட்டனை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் ஆஸ்பத்திரித் தலைவருக்கு, எல்லாரும் பெரிய டாக்டர் என்பார்கள், ஒரு யோசனை பிறந்தது. இவ்வளவு நல்ல செய்தியை நமக்குள்ளேயே வைத்துக்கொண்டால் எப்படி? பல ஊர் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடியோ கூட்டம் ஏற்பாடானது. தலைப்பு: 'வீட்டில் இருந்த பிள்ளைகள் நலமாக இருந்தார்கள்'. முன்னுரையும் முடிவுரையும் பெரிய டாக்டர். நடுவில் கோடு போட்ட படங்களைக் காட்டிப் பேச என் வீட்டுக்காரர். பதினெட்டு வருட வேலையில் அவரைப் பேசச் சொன்னது அதுவே முதல் தடவை. நான்கு நாள் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, "இந்த நீலக் கோட்டைப் பாருங்கள்," என்று பழகினார்.

செவ்வாய்க்கிழமை ரேடியோவுக்கு வயிற்றுவலி, வாந்தி. பூச்சி மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டோம். புதன்கிழமை மத்தியானம் அவள் மூச்சு மாறியது. ஓடிவிட்டு வந்தவள் மாதிரி நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆனால் படுத்திருந்தாள்.

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மூச்சை எண்ணினார். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவியை மாட்டினார். தொண்ணூற்றொன்பது.

"தொண்ணூத்தொன்பது. நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது," என்றார். குரல் என்னவோ ஃபெயில் ஆனவர் குரல் மாதிரி இருந்தது.

"அப்போ எதுக்கு இப்படி மூச்சு வாங்கறா?"

அவர் என்னைக் கூடத்துக்கு அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஒருவேளை அந்த நோயா இருந்தா, தனியா கொண்டுபோயிடுவாங்க. நம்மள உள்ள விடமாட்டாங்க. நான் பாத்திருக்கேன். பிள்ளைங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு அழும். நாளைக்கு ஒரு நாள் பாப்போம்."

இப்போது எனக்கும் அதே பயம். பக்கத்தில் போய் அவளை அணைத்துக்கொண்டு படுத்தேன். அவள் வாயிலிருந்து பழம் அழுகிய மாதிரி ஒரு வாசனை. சமையலறையில் எங்கேயோ வாழைப்பழம் கெட்டுப்போயிருக்கிறது என்று எழுந்து போய், அலமாரி, கூடை, குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் துழாவினேன். பழம் கிடைக்கவில்லை. பழம் வாங்கியே ஒரு வாரம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு அவர் கூடத்தில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார். பிள்ளை தூங்குகிறாள், தூங்கட்டும் என்று இரண்டு பேரும் விட்டிருந்தோம். பதினொன்று பத்துக்கு ஒரு வாய் பால் கொடுக்கலாம் என்று எழுப்பினேன். கண் பாதி திறந்திருந்தது, பார்வை என் மேல் இல்லை. கன்னத்தைத் தட்டினேன்.

"கண்ணு, இங்க பாரு. நான் யாரு?"

ரொம்ப நேரம் கழித்து உதடு அசைந்தது. "டீச்சர்... தண்ணி."

அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். திரையில் பத்துப் பன்னிரண்டு கட்டங்களில் முகங்கள். ஒருவர் எதையோ மென்றுகொண்டிருந்தார், ஒரு கட்டத்தில் வெறும் மின்விசிறி மட்டும் சுற்றியது. நீலக் கோடு மாடியிலிருந்து சறுக்குமரத்தில் இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது.

"ஏங்க," என்றேன்.

அவர் திரும்பாமல் இடது உள்ளங்கையை உயர்த்தினார். பொறு என்று அர்த்தம்.

"ஏங்க, பிள்ளைக்கு நினைவில்ல."

கை இறங்கவில்லை. "அடுத்த படம்," என்றார் திரையைப் பார்த்து.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

கீழ்வீட்டில் இருப்பவர் பேக்கரிக்கு ரொட்டி வேன் ஓட்டுகிறவர். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளையின் தலை தொங்குவதைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் பின்கதவைத் திறந்தார். காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். தெருமுனையில் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"பாஸ் எங்க?"

"ரொட்டிக்கு இருக்கு சார்," என்றார் வேன்காரர்.

"உள்ள என்ன?"

"பிள்ளை."

ரொட்டி போய்வரப் பாஸ் உண்டு, பிள்ளைக்குக் கிடையாது. சட்டம் அவ்வளவு தெளிவு. போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தடுப்பைத் தானே இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத் தலையசைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி ரேடியோவின் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டினார். "காய்ச்சல் இல்லையேம்மா. அப்புறம் எதுக்கு வந்தீங்க?" நான் அவரைத் தாண்டிப் போனேன். உள்ளே ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். வீண் வேலை. குறி போடாத நாற்காலிகளும் காலியாகத்தான் கிடந்தன.

தலை முதல் கால்வரை வெள்ளைக் கவச உடை போட்ட ஒரு நர்ஸ் வேகமாக வந்தார். உள்ளே இருப்பது யாரென்று தெரியாததால் எல்லாரும் நெஞ்சில் பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள். இவர் நெஞ்சில் 'அக்கா' என்று இருந்தது. பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஐந்து நொடிதான் பார்த்திருப்பார்.

"தண்ணி நிறையக் குடிச்சாளா?"

"ஆமா."

"அம்மா, இந்த மாஸ்க்குல எனக்கு ஒரு வாசனையும் தெரியாது. நீங்க சொல்லுங்க. வாயில ஏதாவது வாசனை வருதா?"

"பழம் அழுகின மாதிரி," என்றேன். நேற்று நான் குப்பைத்தொட்டிக்குள் தேடிய வாசனை.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ரேடியோவின் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னக் கருவியில் தொட்டுவிட்டிருந்தார். "டாக்டர்!" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். அதற்குப் பிறகு கட்டிலைச் சுற்றி நாலு வெள்ளை உடைகள். இரண்டு கையிலும் ட்ரிப்ஸ். யாரும் ஓடவில்லை, யாரும் நிற்கவுமில்லை.

டாக்டரம்மா இளவயதுக்காரர், கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அரை மணி நேரம் கழித்து என்னிடம் வந்தார்.

"சுகர்ம்மா."

"எட்டு வயசுலயா?"

"பிள்ளைங்களுக்கும் வரும். உடம்புல இன்சுலின் சுரக்கறது நின்னுடும். ரத்தம் முழுக்க அமிலமா மாறியிருக்கு, அதான் அந்த மூச்சு. எத்தனை நாளா தாகம்?"

"அஞ்சாறு வாரமா."

"எடை குறைஞ்சுதா? எவ்ளோன்னு தெரியுமா?"

"இடுப்புல நாலு விரல்," என்றேன். "ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முன்னாடியே வந்திருந்தா நடந்து வந்து நடந்து போயிருப்பா," என்றார். "பொழைச்சுடுவா, நாங்க பாத்துக்கறோம். ஆனா இந்த மாசத்துல இப்படி வர்ற நாலாவது பிள்ளை இவ. வழக்கமா வருஷத்துக்கே ரெண்டு பேர்தான் நினைவில்லாம வருவாங்க. குடல்வால் வெடிச்சப்புறம் கொண்டு வர்றாங்க. உடைஞ்ச கைய வீட்டுலயே துணி சுத்தி, கோணலா கூடினப்புறம் கொண்டு வர்றாங்க. முன்னாடி இங்க நடந்து வருவாங்கம்மா. இப்ப எல்லாரும் தூக்கிட்டு வர்றாங்க."

பன்னிரண்டரைக்கு என் வீட்டுக்காரர் வந்தார். கூட்டத்துக்குப் போட்ட கஞ்சிச் சட்டை, கீழே வீட்டில் போடும் கால்சட்டை. ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு ஆள்தான் துணை என்று விதி. பதினெட்டு வருடம் அதே வாசலில் அவருக்கு வணக்கம் வைத்த காவலாளி, "சார், ரூல்ஸ் உங்களுக்குத் தெரியாததா?" என்று காத்திருக்கும் கூடத்தைத் தாண்ட விடாமல் மரியாதையாகத் தடுத்துவிட்டார். யாரிடமோ விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குப் போன் செய்தார்.

"எவ்ளோ?"

"என்ன எவ்ளோ?"

"சுகர். எவ்ளோ காட்டுச்சு?"

"நம்பரே வரலையாம். மெஷினுக்குத் தெரிஞ்ச எண்ணையெல்லாம் தாண்டிடுச்சாம். 'ஹை'ன்னு மட்டும் எழுத்து வருதாம்."

அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, பெருக்கல் குறி போட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கச் சொல்லக் காவலாளி இரண்டு அடி எடுத்து வைத்தார், பிறகு திரும்பிப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து அவர் மின்னஞ்சலுக்கு, சிறப்பான உரைக்கான பாராட்டுச் சான்றிதழ் வந்து சேர்ந்தது. இந்த மாதிரி வேலைகளில் பெரிய டாக்டர் தாமதமே வைப்பதில்லை.

ரேடியோ ஒன்றரை நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். தண்ணி, தண்ணி என்று முனகுவாள். வாயில் தரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுவேன். அவள் அந்தத் துணியைச் சப்புவாள். அதை மட்டும் என்னால் கிண்டலாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து மேலே பார்த்தவள், "ஏம்மா இவங்க எல்லாருக்கும் மூஞ்சியே இல்ல? இவங்க சாப்பிடறது எப்படி? பாத்ரூம் போகணும்னா இதைக் கழட்டிட்டுப் போவாங்களா?" என்று ஆரம்பித்தாள். அக்கா கவச உடைக்குள்ளிருந்து, "சரியாயிட்டா," என்றார்.

வீட்டுக்கு அனுப்ப ஒன்பது நாள் ஆனது. அதற்குள் ஊசி போடப் பழக வேண்டும். ஆள் மாற்றி ஆள் உள்ளே போகலாம் என்று ஒரு மணி நேரம் விட்டார்கள். ஒரு பஞ்சு உருண்டையைக் கொடுத்து அக்கா கற்றுக்கொடுத்தார். என் வீட்டுக்காரர் பஞ்சைத் தவிர எல்லா இடத்திலும் குத்தினார், தன் கட்டைவிரல் உட்பட. ரேடியோ அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "அப்பா, நீங்க எத்தனை மணிக்குப் போட்டோம்னு எழுதிக்கோங்க. அம்மா போடட்டும். அம்மாவுக்கு ஊசி பழக்கம்."

வீடு திரும்பிய மறுநாள் மத்தியானம், அவள் தூங்கும்போது, அவராகவே பேச்சை எடுத்தார்.

"நீ வந்து நின்னப்போ திரையில உன்னையும் பார்த்தேன். ஓரக் கட்டத்துல. பிள்ளையோட கை தொங்கறது தெரிஞ்சுது. தெரிஞ்சும் ஒரு படம் பேசினேன்."

"ஒண்ணா?"

"மூணு."

நான் துணியை மெஷினில் வைத்துவிட்டு மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன். "நான் ரெண்டு தடவை தைச்சிருக்கேன். உங்களைவிட ஒண்ணு கம்மி," என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் அதைச் சிரிக்கச் சொல்லவில்லை.

வேலைக்குத் திரும்பியதும் மூன்று மாதப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். இந்தத் தடவை எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணவில்லை. வந்தவர்களில் எத்தனை பேர் நேராகத் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள், வீட்டில் எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று டாக்டரம்மாவின் குறிப்புகளைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தார். இருநூறு பேர் வந்த காலத்தில் நாளுக்கு நாலைந்து பேர் உயிருக்குப் போராடினார்கள். நாற்பது பேர் வந்தபோதும் அதே நாலைந்து, சில நாள் ஆறு. நிஜமாகவே குறைந்த நோய்களும் இருந்தன, அதையும் மறைக்காமல் எழுதினார். சளி, இருமல், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற காய்ச்சல் எல்லாம் பள்ளி மூடியதும் படுத்துவிட்டன. மற்றவை வீட்டிலேயே இருந்தன, எங்கள் வீட்டில் இருந்த மாதிரி.

புது அறிக்கையைப் பெரிய டாக்டரிடம் கொடுத்தார். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "உங்க குடும்ப நிலைமை எனக்குப் புரியுது," என்று ஆறுதல் சொன்னாராம். பிறகு, "ஆனா இது நாம ஏற்கனவே சொன்னதோட ஒத்துப் போகலையே," என்றாராம். ஆராய ஐந்து பேர் குழு போடப்பட்டது. கூட்டமாகக் கூடக்கூடாது என்பதால், தொற்று முழுதாக ஓய்ந்தபின் குழு கூடும்.

அதுவரை என் வீட்டுக்காரர், அக்கா, டாக்டரம்மா மூன்று பேரும் குழு இல்லாமலே ஒரு வேலை செய்தார்கள். வீசிங், வலிப்பு, இதயக் கோளாறு, காதுவலி என்று முன்பு அடிக்கடி வந்துகொண்டிருந்து, மூன்று மாதமாகக் காணாமல் போன பிள்ளைகளின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வது. என் வீட்டுக்காரர் பங்குக்கு நூற்றுப் பத்து எண்கள். விடுமுறை நாளில் வீட்டிலிருந்து பேசினார். பேசினார் என்றா சொன்னேன். "வணக்கம், உங்கள் குழந்தை மூன்று மாதமாக எங்கள் பதிவேட்டில் இல்லை," என்று வாரண்ட் வாசித்தார். பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். ஒருவர் பதறிப்போய், "எங்க பையன் ஒரு தப்பும் பண்ணமாட்டான் சார்," என்றார். ஏழாவது எண்ணில் நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

எட்டாவது எண்ணில் ஒரு அம்மா எடுத்தார். குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து என்றதும் சிரித்தார். "போன வருஷம் காதுவலின்னு தூக்கிட்டு வந்தப்போ, இதுக்கெல்லாமா எமர்ஜென்சிக்கு வருவாங்கன்னு கேட்டீங்க. இப்ப நீங்களே வீட்டுக்குப் போன் பண்றீங்க. ஆள் பத்தலையா?"

"ஆமாங்க, நாற்காலி எல்லாம் சும்மா கிடக்கு," என்றேன். "பையனுக்குக் காது எப்படி இருக்கு?"

சிரிப்பு நின்றுபோனது. பின்னால் ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"சீழ் வருது. பன்னிரண்டு நாளா. பஞ்சு வெச்சுத் தூங்க வெக்கறேன். ரெண்டு நாளா காதுக்குப் பின்னாடி வீங்கியிருக்கு."

"காய்ச்சல்?"

"லேசா. அங்க வந்தா அந்த நோய் ஒட்டிக்கும்ங்கறாங்களே."

"எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு," என்றேன். "பிள்ளைங்களுக்குத் தனி வழி, தனி இடம். மாஸ்க் போட்டுக் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கே வாங்க. நான் போன் பண்ணி அங்க சொல்லி வெக்கறேன்."

"நீங்க டாக்டரா?"

"டெய்லர்," என்றேன். என்ன நினைத்தாரோ, வருகிறேன் என்றார்.

அன்று மத்தியானமே வந்துவிட்டார். பையன் நடந்துதான் வந்தான். வீக்கத்தைப் பார்த்த டாக்டரம்மா, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் எலும்புக்குள் போயிருக்கும் என்று சொல்லி, ஊசி மருந்து ஏற்ற நாலு நாள் தங்க வைத்தார். தனக்குத் தங்க இடம் வேண்டும், ஜன்னல் பக்கக் கட்டில்தான் வேண்டும் என்று அந்த அம்மா அக்காவோடு சண்டை போட்டதாகவும் கேள்வி. ஜன்னல் கட்டிலே கிடைத்ததாம்.

நூற்றுப் பத்தில் எழுபது பேர் நன்றாகவே இருந்தார்கள். இருபது பேர் எடுக்கவில்லை. மிச்சப் பேர் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். அந்த வார முடிவில் ஒரு நாள் எண்ணிக்கை ஐம்பத்தாறு. திங்கட்கிழமை காலையில் பெரிய டாக்டர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவசரப் பிரிவில் திடீரென்று கூட்டம் கூடுவதற்குப் பொறுப்பு யார், ஒரு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார்.

அவர் வீட்டுக்கு வந்து சாவிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே அதைச் சொன்னார்.

"என்ன எழுதப் போறீங்க?"

"உண்மையத்தான். போன் பண்ணினது நான்."

"எட்டாம் நம்பர்ல இருந்து நான்."

"உன் பேரையும் போடறேன். பதவின்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல என்ன போட?"

"தையல்காரின்னு போடுங்க," என்றேன். "படிச்சுட்டு அதுக்கு ஒரு குழு போடட்டும்."

உள்ளேயிருந்து ரேடியோ, ராத்திரி ஊசிக்கு நேரமாகிவிட்டது, இந்த வீட்டில் யாருக்கும் பொறுப்பே இல்லை என்று கத்தினாள். நான் எழுந்து கையைக் கழுவப் போனேன்.